கணிப்பொறி வைரஸ் பெருகுவதும் தேய்வதும்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். சேலையில் பூ வேலைப்பாடு விழச் செய்வது தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டி. பழைய பெட்டிக்குத் துளையிட்ட அட்டைகள் வேண்டும். மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களில், கணிப்பொறியில் வரைந்த டிசைன் பென் டிரைவில் தறிக்குச் செல்கிறது. அட்டையை எலி கடிக்கலாம், வைரஸ் தொற்றாது. பென் டிரைவில் தொற்றும்.

கணிப்பொறி வைரஸ் உயிருள்ள கிருமி அன்று. தன்னைத்தானே நகலெடுக்குமாறு மனிதர் எழுதிய ஆணைத்தொடர் அது. ஒரு டிசைன் கடைக் கணிப்பொறியில் அது புகுந்துவிட்டதாகக் கொள்வோம். அங்கே செருகப்படும் பென் டிரைவ்களில் தன் நகலை எழுதிவிடும். அவை வேறு கடைகளுக்கும் போகும். ஒரு கணிப்பொறியைச் சுத்தம் செய்வதற்குள் அது வேறு இரண்டிற்கு வைரஸைக் கொடுத்துவிட்டால், 1, 2, 4, 8 எனப் பெருகிப் பத்தாவது படியில் புதிதாக 1,024 கணிப்பொறிகள் கெடும். சில வைரஸ்கள் கோப்புகளையே அழிப்பவை. பல மாதம் வரைந்த டிசைன்கள் ஒரு நாளில் போய்விடும்.

இப்பெருக்கம் முடிவின்றித் தொடர்வதில்லை. புதிதாகத் தொற்றுவதற்குக் கணிப்பொறிகள் குறைகின்றன. மற்றவை தடுப்புப் பெறுகின்றன. இப்போது இரண்டு கணிப்பொறிகள் சேர்ந்து ஒன்றுக்குத்தான் வைரஸைக் கொடுக்க முடிகிறது எனில், 1,024 என்பது 512, 256 எனத் தேய்ந்து, அடுத்த பத்தாவது படியில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு நகலையும் தேடி அழிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இக்கணக்கு மருத்துவத்திலிருந்து வந்தது. 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், கொசுக்களை அடியோடு ஒழிக்காமல் ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அற்றுப்போகும் என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டினார். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கெஃபார்ட், ஒயிட் இருவரும் 1991-இல் தொற்றுநோய்க் கணிதத்தைக் கணிப்பொறிகளுக்குப் பொருத்தினர்.

1986-இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ் பிளாப்பித் தட்டுகளில் பயணம் செய்தது. பிளாப்பி வழக்கொழிந்தது, ‘பிரெயினுக்கு’ ஏறிச் செல்ல வண்டியில்லாமல் போயிற்று. 2008 நவம்பரில் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ வலையமைப்பு வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பல இலட்சம் கணிப்பொறிகளில் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது! பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ளது தானே இயங்கும் வசதியும் பின்னர் நிறுத்தப்பட்டது. கான்ஃபிக்கர் தேய்ந்தது, ஆனால் 2016-இலும் அது தென்பட்டது. இயந்திரங்களோடு இணைந்த பழைய கணிப்பொறிகளைப் புதுப்பிக்க வேண்டுமானால் வேலையைச் சற்று நிறுத்த வேண்டும். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் எளிதில் மனம் வருவதில்லை.