குடோன் பிடிக்கும் முன் மட்டம் பாருங்கள்

வாடகை, அட்வான்ஸ், லாரி நிற்க இடம் எல்லாம் விசாரித்துத்தான் குடோன் பிடிக்கிறோம். தண்ணீர் வருமா என்று கேட்பதில்லை. கேட்டாலும் தரகர் "இங்கே வராதுங்க" என்றுதான் சொல்வார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டைப் பக்கம் இருந்த என் குடோனில் இடுப்பளவு தண்ணீர். சர்க்கரை கரைந்து போயிற்று. துவரம் பருப்பு ஊறி, கீழ் வரிசை மூட்டைகள் உப்பிக் கிழிந்து, அட்டியே சரிந்தது. நனையாத மேல் மூட்டைகளும் அதனால்தான் தண்ணீரில் விழுந்தன.

ஆறு தள்ளி இருக்கிறது என்ற தைரியம் போதாது. ஆறு நிறைந்து ஓடினால் மழைநீர்க் கால்வாய் அதில் வடியாது; எதிர்த்துத் தெருவுக்கே வரும். பழைய ஏரி நிலமா என்றும் விசாரியுங்கள். நாம் சரக்கு போடும் தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து உண்டானதுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தெருவில் நாலு வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை தேடுங்கள். இஸ்திரிக்காரரையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள்: 2015இல் எவ்வளவு ஏறியது, 2023 மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது? பிறகு ஒரு கொத்தனாரை அழைத்து, தண்ணீர் நிரப்பிய டியூபால் அந்தக் கறையின் மட்டத்தைக் குடோன் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலிதான். தரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை அடியோ, அதற்குக் கீழே அடுக்கும் சரக்கின் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை வருட வாடகையில் மிச்சமாவதோடு ஒப்பிட்டால், மலிவு வாடகை மலிவுதானா என்று தெரிந்துவிடும். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதும் உண்டு. அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்த அளவை மறுபடி எடுக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பிரீமியம் குறைய அதை நீக்கி எழுதுவதும் உண்டு. கடை விலாசம் மட்டும் இருந்து குடோன் விலாசம் விட்டுப்போயிருந்தால் உடனே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது என் குடோனில் கோட்டுக்குக் கீழே எண்ணெய் டின்கள்தான். சர்க்கரையும் பருப்பும் பரண் மேலே. ஏற்றி இறக்கக் கூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது.