சென்ட் வாங்கும் முன்...

கடையில் பிடித்த சென்ட், வீட்டுக்கு வந்ததும் தலைவலி தருகிறதா?

1. மூடியை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் தடவி அரை மணி நேரம் பொறுங்கள். எலுமிச்சை மணம் சீக்கிரம் பறந்துவிடும், சந்தனமும் வெட்டிவேரும்தான் கடைசிவரை நிற்கும்.

2. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள், மூக்கு மரத்துப்போகும்.

3. மனநிலைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். வெயிலுக்கு வெட்டிவேர் இதம்; மல்லிகை கல்யாண வீட்டுக் களையைக் கூட்டிவரும். அமைதி வேண்டுமா? கன்னோஜ் நகரின் ‘மிட்டி அத்தர்’ வாங்குங்கள். சுட்ட மண்ணிலிருந்து வடிப்பதால் முதல் மழை மணக்கும்.

4. அத்தரைப் பட்டுப்புடவையில் தடவாதீர்கள். எண்ணெய்க் கறை லேசில் போகாது. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு போதும்.

5. புட்டியை அலமாரிக்குள் வையுங்கள். வெயில் பட்டால் மணம் கெடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் எந்த சென்ட்டும் வேண்டாம். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.