எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வா? ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்து பி.ஏ. வரலாறு முடித்தவள். பத்தாம் வகுப்போடு கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டாச்சு. இப்போது டான்செட் எழுதி எம்.பி.ஏ. சேர ஆசை. பழைய வினாத்தாள் ஒன்றைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கோச்சிங் சென்டர் என்றால் மதுரைக்கு இறங்க வேண்டும். அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. கையில் ஏழு மாதம் இருக்கிறது. முடியுமா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: முடியும். எம்.பி.ஏ.வுக்கான டான்செட் எழுத எந்தப் பட்டமும் போதும். பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் இந்தத் தேர்வில் சமீப ஆண்டுகளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். கணக்கும் தரவுப் பகுதியும் அதில் ஒரு பங்குதான். ஆங்கிலமும் பத்தி வாசிப்பும் தனியாக உண்டு. கணக்குப் பகுதியில் பெரும்பாலும் வருவது சதவீதம், விகிதம், சராசரி, லாப நட்டம், வட்டி, வேலையும் நேரமும், வேகமும் தூரமும். எல்லாம் பள்ளியில் பார்த்தவை. எம்.பி.ஏ.வுக்காக உலகம் முழுக்க எழுதப்படும் ஜிமேட்டின் கணக்குப் பகுதியே எண்கணிதமும் இயற்கணிதமும்தான். 45 நிமிடத்தில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஆகவே உங்களிடம் இல்லாதது உயர்கணிதம் அல்ல. அடிப்படையில் கை ஓட்டம் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை

செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு இந்த ஐந்தையும் பேப்பரில் போடுங்கள்.

1. 3/4 + 2/5
2. 240-ல் 15 சதவீதம்
3. 0.6 ÷ 0.02
4. (-3) - (-8)
5. 2x + 5 = 17 என்றால் x எவ்வளவு?

விடைகள்: 23/20, 36, 30, 5, 6. ஐந்தும் ஐந்து நிமிடத்துக்குள் சரியாக வந்தால் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒன்று தவறினாலும் ஆறாம் வகுப்புதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னம் தெரியாமல் சதவீதம் வராது; சதவீதம் தெரியாமல் லாப நட்டமும் வட்டியும் வராது.

எந்தப் புத்தகம்?

நம் பாடநூல் கழகத்தின் கணக்குப் புத்தகங்களே போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் மலையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பில் 'விகிதம் மற்றும் விகிதசமம்', 'பின்னங்கள்'. ஏழில் 'நேர் மற்றும் எதிர் விகிதங்கள்', 'சதவீதமும் தனிவட்டியும்'. எட்டில் 'வாழ்வியல் கணிதம்'. இந்தப் பாடங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் கையால் போட வேண்டும். போட்டுக் காட்டிய கணக்கைப் படித்துவிட்டு 'புரிந்துவிட்டது' என்று அடுத்த பக்கம் போவதுதான் நம்மவர்கள் ஏமாறும் இடம். மூடி வைத்துவிட்டுத் திரும்பப் போட வந்தால்தான் அது உங்கள் கணக்கு.

தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே அதே பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். கணக்கு ஒன்றுதான் என்பதால் சொற்கள் தானாகப் பழகிவிடும்.

ஷார்ட்கட் புத்தகங்களை நான்கு மாதத்துக்குத் தொடாதீர்கள். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த சூத்திரம், கேள்வியை ஒரு சொல் மாற்றிக் கேட்டாலே காலை வாரிவிடும்.

எதன் மேல் எத்தனை?

சதவீதத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எதன் மேல்? உங்கள் ஓட்டலையே எடுத்துக்கொள்வோம். ஒரு அறையின் வாடகை 2,500 ரூபாய். சீசனுக்கு 20 சதவீதம் ஏற்றுகிறார்கள்: 3,000. சீசன் முடிந்ததும் 20 சதவீதம் தள்ளுபடி. பழைய வாடகைக்கே வந்துவிட்டது என்று தோன்றும். இல்லை, 3,000-ல் 20 சதவீதம் 600. வாடகை 2,400. ஏற்றியது 2,500-ன் மேல், இறக்கியது 3,000-ன் மேல். 100 ரூபாய், அதாவது 4 சதவீதம் குறைந்துவிட்டது.

மலைப்பூண்டு வாங்கி விற்பவரின் கணக்கும் இதேதான். கிலோ 240-க்கு வாங்கி 300-க்கு விற்றால் கிடைப்பது 60. அடக்க விலையின் மேல் பார்த்தால் 25 சதவீதம். விற்ற விலையின் மேல் பார்த்தால் 20 சதவீதம். கேள்வி எதைக் கேட்கிறது என்று பாராமல் விடையைக் குறித்தால் மார்க் போச்சு.

இன்னொன்று. 100 கிலோ கேரட்டில் 90 சதவீதம் தண்ணீர் என்று வைப்போம். உலர்த்துகிறீர்கள், தண்ணீர் 80 சதவீதமாகக் குறைகிறது. இப்போது எடை என்ன? 90 கிலோ என்பார்கள் பலர். சரியான விடை 50 கிலோ. தண்ணீர் போனாலும் மாறாதது 10 கிலோ சக்கை. முன்பு அது மொத்தத்தில் 10 சதவீதம். இப்போது 20 சதவீதம். 10 கிலோதான் 20 சதவீதம் என்றால் மொத்தம் 50. எது மாறவில்லை என்று முதலில் பிடித்துவிட்டால் இந்த வகைக் கணக்கு எல்லாமே இரண்டு வரிதான்.

சராசரியிலும் ஒரு பொறி உண்டு. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை எளிமைக்காக 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மணிக்கு 20, இறங்கும்போது 30. சராசரி வேகம் 25 அல்ல. ஏற 3 மணி, இறங்க 2 மணி, 120 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், சராசரி 24. மெதுவாகப் போன பக்கத்தில் அதிக நேரம் செலவாகிறது, அதனால்தான்.

விடை வேண்டாம், தரவு போதுமா?

'டேட்டா சஃபிஷியன்சி' என்று ஒரு வகை கேட்பார்கள். எத்தனை கிலோ பூண்டு விற்றது? தகவல் ஒன்று: பூண்டும் கேரட்டும் 2:3 என்ற விகிதத்தில் விற்றன. தகவல் இரண்டு: இரண்டும் சேர்ந்து 250 கிலோ. முதல் தகவல் மட்டும் போதாது, இரண்டாவது மட்டும் போதாது, சேர்ந்தால் போதும். அதோடு நிறுத்திவிட வேண்டும். 100 கிலோ என்று கண்டுபிடிக்க உட்காருவது நேர விரயம். கணக்கில் பயந்தவர்களுக்கு இது நல்ல இடம். கை வேலை குறைவு, யோசனைதான் அதிகம்.

மனத்தில் இருக்க வேண்டியவை

டான்செட்டில் கால்குலேட்டர் கிடையாது. 20 வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம், பின்னத்தின் சதவீதம் ஆகியவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 1/8 என்றால் 12.5 சதவீதம், ஆகவே 37.5 சதவீதம் என்பது 3/8. 640-ல் 37.5 சதவீதம் கேட்டால் 640-ஐ எட்டால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள்: 240. வேலைக்கு நடந்து போகும் நேரம் இதற்குப் போதும்.

ஏழு மாதத் திட்டம்

முதல் இரண்டு மாதம் ஆறு, ஏழாம் வகுப்பு. அடுத்த இரண்டு மாதம் எட்டாம் வகுப்பு. கூடவே ஒன்பது, பத்தில் அடிப்படை இயற்கணிதம், அளவியல், நிகழ்தகவு. ஐந்தாம், ஆறாம் மாதம் தேர்வு வகைக் கேள்விகள்; ஆர்.எஸ்.அகர்வால் எழுதியது போன்ற புத்தகம் இப்போது கைகொடுக்கும். கடைசி மாதம் பழைய வினாத்தாள்கள், கடிகாரம் வைத்து.

நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை உங்கள் ஓட்டலில் கூட்டம் அலைமோதும். அந்த வாரங்களில் புதுப் பாடம் வைக்காதீர்கள். அரை மணி நேரம் பழையதைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்: முறை தெரியவில்லையா, தெரிந்தும் கூட்டல் பெருக்கலில் கை தவறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குப் பாடப் புத்தகம், இரண்டாவதற்கு வாய்ப்பாடு, மூன்றாவதற்கு நிதானம்.

தேர்வு அறையில்

ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடிதான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிப்பார்கள். மூன்று தப்பு, சரியான ஒரு விடையைத் தின்றுவிடும். ஒரு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாக் கணக்கையும் போட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. தெரிந்ததைத் தப்பில்லாமல் போட்டாலே உங்கள் பயம் வீண் என்று தெரிந்துவிடும்.

மலையிலிருந்து முதல் நாளே இறங்கித் தங்கிவிடுங்கள். மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், உங்கள் உழைப்பு நடுவழியில் நிற்கும்.

2022-ல் மே மாதத்திலும் 2023 முதல் 2025 வரை மார்ச்சிலும் இந்தத் தேர்வு நடந்தது. ஆகவே மார்ச் என்று வைத்துத் தயாராகுங்கள். தள்ளிப்போனால் உங்களுக்கு லாபம். தேதி, கட்டணம், தேர்வு மையம் எதையும் யாரோ சொன்னதாக நம்பாதீர்கள்; ஜனவரியிலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நீங்களே பார்த்து, கடைசி நாளுக்குக் காத்திராமல் விண்ணப்பித்துவிடுங்கள்.