கடற்போரும் கைவரைபடமும்

வரைபடம் ஒன்றைக் கண்டால் ஊர் எங்கே, எல்லை எது என்றுதான் மாணவர்களாகிய நாம் தேடுகிறோம். அதனை ஓவியமாக நோக்கும் பழக்கம் நமக்கில்லை. எனக்கும் இருந்ததில்லை. ஸ்பானிய ஆர்மடாப் போரைக் காட்டும் பத்துக் கைவரைபடங்களின் படிகளைக் கண்ட பிறகே என் எண்ணம் மாறியது.

1588-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், இங்கிலாந்தின்மீது படையெடுக்க ஏறத்தாழ 130 கப்பல்களை அனுப்பினார். அப்போரின் நிலைகளை ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் வரைந்தார். 1590-இல் அகஸ்டின் ரைதர் அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். நான் சொல்லும் பத்தும் அவ்வரிசையைச் சார்ந்தவை. மையாலும் நீர்வண்ணத்தாலும் கையால் தீட்டப்பட்டவை. தீட்டியவர் பெயர் தெரியவில்லை.

இவற்றில் கலை எங்கே இருக்கிறது? முதலாவது, வடிவத்தில். ஸ்பானியக் கப்பல்கள் பிறைநிலா வடிவில் அணிவகுத்து வருகின்றன. எண்ணிப் பார்க்குமுன்பே அப்பிறை கண்ணைக் கவ்வுகிறது. அச்சமும் அழகும் ஒருங்கே தோன்றுகின்றன.

இரண்டாவது, காலத்தைக் காட்டும் முறையில். பிளிமத் துறைமுகத்திலிருந்து ஆங்கிலக் கப்பல்கள் வெளிவருகின்றன. அவையே பகைவரைச் சுற்றிச் சென்று, காற்றைத் தமக்குத் துணையாக்கிக்கொண்டு பின்னால் நிற்பதும் அதே தாளில் இருக்கிறது. முன்னும் பின்னுமான நிகழ்ச்சிகள் ஒரே கடலில் அமைகின்றன. கண் நகர்ந்தால் பொழுதும் நகர்கிறது.

மூன்றாவது, நோக்கும் இடத்தில். போரிட்ட எவனும் இக்காட்சியைக் கண்டிருக்க முடியாது. அவன் கண்டது புகையும் அலையுமே. ஓவியரோ வானத்தில் நின்று பார்ப்பவர்போல் வரைகிறார். அந்த இடம் கற்பனையால் அமைத்துக்கொண்டது.

ஆனால், நண்பர்களே, அழகில் மயங்கிவிடலாகாது. கலே நகரத்தின் அருகே நங்கூரமிட்டிருந்த ஸ்பானியர்மீது, இரவில் எட்டுத் தீக்கப்பல்கள் ஏவப்பட்டன. படத்தில் அவை சிறு சுடர்கள். கப்பலில் இருந்தவர்க்கோ அது உயிர்ப்போராட்டம். உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மனித முகம் தெரிவதில்லை. வென்றவர் பக்கத்துக் கதை இது என்பதையும் மறத்தல் கூடாது.

இவ்வரிசைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. ஆடம்ஸின் படங்களைத் தழுவிப் பெரிய சித்திரக் கம்பளங்கள் ஹாலந்தில் நெய்யப்பட்டன. பின்னர் அவை லண்டனில் பிரபுக்கள் சபையை அலங்கரித்தன. காலமோ விபத்தோ பூச்சியோ அவற்றை அழித்துவிடக்கூடும் என்றஞ்சிய ஜான் பைன், 1739-இல் அவற்றின் அச்சுப்படங்களை வெளியிட்டார். அவர் அஞ்சியபடியே 1834-இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் பற்றிய தீயில் கம்பளங்கள் சாம்பலாயின. பொன்னும் பட்டும் போயின, தாள் நின்றது.

அத்தாளையும் காக்கப் பாடுபட வேண்டியிருந்தது. அந்தப் பத்துப் படங்களும் வெளிநாடு செல்லவிருந்தபோது, ஆறு லட்சம் பவுன் திரட்டி, 2021-இல் போர்ட்ஸ்மத்திலுள்ள அரச கடற்படைத் தேசிய அருங்காட்சியகத்திற்காக அவற்றை மீட்டனர். பொதுமக்களும் அதற்குப் பொருளுதவினர்.

ஆகவே, இனிப் பழைய வரைபடம் ஒன்று கைக்குக் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேட்போம்: வரைந்தவர் எங்கே நிற்கிறார்? எதைப் பெரிதாக்கினார்? எதை விட்டுவிட்டார்? முதல் இரண்டும் கலையை உணர்த்தும். மூன்றாவது உண்மையைத் தேடவைக்கும்.