நூல் நிலையத்தில் விஷயந் தேடும் முறை

பூந்தமல்லி, அம்பத்தூர்ப் பக்கத்துக் குடியானவரின் மாடொன்றிற்குக் கோமாரி கண்டால், அதனைத் தனியே கட்டத் தாமதித்தல் மந்தை முழுவதற்கும் கேடாகும். இத்தகைய செய்திகளை நூல் நிலையத்தில் தேடுவோர் ஆசிரியர் பெயரை அறிந்திருக்க வேண்டுவதில்லை, பொருளட்டவணையே போதும்.

முதலில் "கோமாரி" என்னும் குறிப்பான தலைப்பைக் காண்க. ஒவ்வொரு நூலையும் அதற்குரிய குறிப்பான தலைப்பிலேயே பதிய வேண்டுமென அமெரிக்கரான கட்டர் 1876-ல் விதித்தார். அங்கில்லையேல் "கால் வாய் நோய்" என்னும் மறுபெயரையும், பின்னர்க் "கால்நடை நோய்கள்" என்னும் விரிந்த தலைப்பையும் நோக்குக. சென்னைச் சர்வகலாசாலை நூலகராக 1924-ல் அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த சங்கிலி முறையும் குறுகிய பொருளையும் விரிந்த பொருளையும் இவ்வாறே வளையங்களாகப் பிணைப்பதாம்.

சங்கத்தின் சிறு அலமாரிக்கும் இத்தகைய அட்டவணை எழுதிவைப்பின், வேண்டிய நூல் வேண்டிய நேரத்தில் அங்கத்தினர் கைக்கு எட்டும்.