கிறிஸ்துமஸ் பரிசுச் செலவு: பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள்

பரிசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற குடும்பங்களில் பெரும்பாலானவை விலையில்தான் முதலில் கை வைக்கின்றன. ஆயிரம் ரூபாய்ச் சட்டை எழுநூறுக்கு இறங்குகிறது. எவர்சில்வர் பாத்திரம் வாங்க நினைத்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா செட் வருகிறது. அதற்காக இரண்டு சாயங்காலம் கூடுதலாகக் கடைத்தெருவில் அலைய வேண்டியிருக்கிறது. அப்படியும் பண்டிகை முடிந்து கணக்குப் பார்த்தால் போன வருஷத்துத் தொகையேதான் நிற்கிறது. ஏனென்றால் செலவை ஏற்றுவது பெயர்களின் எண்ணிக்கை. நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: அப்பா, அம்மா, கல்யாணமாகித் தனித்தனியே இருக்கும் நான்கு பிள்ளைகள், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு வீடும் மற்ற மூன்று வீட்டாருக்கும் பெற்றோருக்கும் வாங்கினால் வீட்டுக்கு 14 பரிசு, மொத்தம் 56. ஒன்று 800 ரூபாய் என்றாலும் ஒரு வீட்டுக்கு 11,200 ஆகிறது. விலையை 600-க்கு இறக்கினால் மிச்சம் 2,800 மட்டுமே, பதினான்கு பேருக்கும் பொருள் மட்டமாகத் தெரியும். அதே குடும்பம் பெரியவர்கள் எட்டுப் பேருக்குள் ஆளுக்கு ஒருவர், குழந்தைகள் எட்டுப் பேருக்குள் ஆளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, பெற்றோர் இருவருக்கும் நான்கு வீடும் சேர்ந்து வாங்கினால் 56 பரிசு 18 ஆகிவிடுகிறது. பரிசுக்கு ஆயிரம், பெற்றோருக்கான பங்கு இன்னோர் ஆயிரம் என்று தாராளமாகவே போட்டாலும் வீட்டுக்கு 5,000தான்.

பெயர்களைக் குறைப்பது அன்பைக் குறைப்பது என்று உடனே ஒரு குரல் எழும். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993-இல் கல்லூரி மாணவர்களிடம், வந்த கிறிஸ்துமஸ் பரிசின் விலை என்னவாக இருக்கும், உங்களுக்கு அது எவ்வளவு பெறும் என்று கேட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காற்றில் போவதாக அவர் கணக்கிட்டார். நமக்கு அதைவிட முக்கியம், யார் கொடுத்த பரிசில் அதிகம் போனது என்பது. நண்பர்களும் காதலர்களும் கொடுத்தவை விலைக்குக் கிட்டத்தட்ட நின்றன. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி போன்ற தள்ளியிருக்கும் உறவுகள் வாங்கிய பொருள்கள்தான் அதிகம் வீணாயின. நெருங்கிப் பழகாதவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது என்பதுதான் விஷயம். இந்த ஆய்வுக்கு நியாயமான மறுப்பும் உண்டு. பொருளோடு வரும் உணர்வைக் கழித்துவிட்டு மதிப்பிடச் சொல்லித்தான் அவர் கேட்டார். 1996-இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் அந்த உணர்வையும் சேர்த்துக் கேட்டபோது, பரிசின் மதிப்பு சராசரியாக விலையைவிட மேலே போனது. சரி, உணர்வுக்கு மதிப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அது விலையோடு சேர்ந்து ஏறுகிறதா? பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியேல் ஆடம்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் மதிப்பார்கள் என்று கொடுப்பவர்தான் நினைக்கிறார், வாங்குபவரின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று கண்டார்கள். ஆக, யாருக்கு என்ன பிடிக்கும் என்று நிதானமாக யோசித்து வாங்குகிற ஒன்றிரண்டு பரிசுதான் உணர்வைத் தாங்குகிறது. பதினான்கு பேருக்கும் அப்படி யோசிக்க யாருக்கும் நேரம் கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மொத்தத் தொகை. தமிழ்நாட்டில் போனஸ் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான் வருகிறது, எனவே அது கைக்கு வந்த அன்றே கிறிஸ்துமஸ் பங்கைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அடுத்தது பட்டியல். எல்லாப் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள், போன வருஷம் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஞாபகம் வராத இடங்கள் யாரை வெட்டலாம் என்று தாமாகவே காட்டிவிடும். சிலரை மட்டும் வெட்டக் கூடாது: வீட்டு வேலைக்கு வருகிறவர், தெரு பெருக்குகிறவர், காவலாளி, ஆலயப் பணியாள், கேரல் ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகள். உறவினர் பரிசில் மிச்சம் பிடிப்பதே இவர்களுக்குக் குறைவில்லாமல் கொடுக்கத்தான் என்பது என் கட்சி. இவர்களுக்குப் பணமாகவே கொடுங்கள். பணத்தில் ஒரு பைசாவும் காற்றில் போகாது.

எல்லாரும் தடுக்கி விழுவது இதற்கடுத்த படியில்: உறவினரிடம் சொல்வது. சொல்லாமல் ஒருதலையாகப் பட்டியலைச் சுருக்கினால், 25-ஆம் தேதி அவர்கள் நான்கு பையோடு வந்து நிற்பார்கள், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. பிறகு 26-ஆம் தேதி ஓடிப் போய் அவசரத்துக்கு இருமடங்கு விலையில் வாங்குவீர்கள். எனவே பேசித்தான் ஆக வேண்டும். எப்போது என்றால், தீபாவளி முடிந்த பிறகு, அட்வென்ட் முதல் ஞாயிறுக்கு முன்னால். அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்குப் பிறகு சொன்னால் யாராவது ஒருவர் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார், அவர் வாங்கிவிட்டார் என்பதற்காக எல்லாரும் வாங்க வேண்டியதாகும்.

யார் சொல்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நெருக்கடியில் இருப்பவரே வாயைத் திறந்தால் அது வேண்டுகோள் ஆகிவிடுகிறது. வசதியாக இருப்பவர் சொன்னால் அதுவே எல்லாருக்கும் நிம்மதி. ஆகவே குடும்பத்தில் அதிகம் சம்பாதிக்கிறவரையோ வளைகுடாவில் இருக்கும் தம்பியையோ முதலில் தனியாகப் பிடித்து, அவர் வாயால் சொல்ல வையுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் மூத்த அக்கா. அவரும் தயங்கினால் அம்மா. அம்மா சொன்னால் எதிர்ப்பேச்சு குறைவு, ஆனால் “யாரு சொல்லிக் கொடுத்தா?” என்ற விசாரணை பின்னால் வரும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். எடுத்ததும் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. குழுவில் ஒருவர் முகம் சுளித்தால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணுங்கள், அதுவும் அந்த வீட்டில் பரிசு வாங்குகிறவர் யாரோ அவரிடம். பெரும்பாலும் அது அண்ணன் இல்லை, அவர் மனைவி மைனிதான். அண்ணனிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு மைனியை விட்டுவிட்டால் திட்டம் அங்கேயே படுத்துவிடும். எல்லாரும் தலையாட்டிய பிறகு குழுவில் ஒரு வரி போதும்.

சொல்லும் வாக்கியத்திலும் கவனம் வேண்டும். “கட்டுப்படியாகலை” என்ற சொல்லை எந்தக் காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: “நீங்க ஒண்ணும் வாங்காண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம்.” அவர்கள் வாங்குவதும் குறையாது, நீங்கள் வாங்கிக்கொள்கிற கையாக மட்டும் ஆகிப் போவீர்கள். குறையைச் சொல்லாமல் யோசனையைச் சொல்லுங்கள்: “மைனி, இந்த வருஷம் பெரியவங்க எல்லாரும் பேரு குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒருத்தருக்கு மட்டும் நல்லதா ஒண்ணு வாங்குவோமா?” கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட் என்று இதே விளையாட்டை ஆடியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள், விளக்கவே வேண்டியிருக்காது. ஒரு தொகையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 1,000 என்றால் 1,000, அதற்கு மேல் போகக் கூடாது. உச்சவரம்பு இல்லாத குலுக்கலில் ஒருவர் 3,000-க்கு வாங்கிவந்து மற்றவர் முகத்தில் அடிப்பார், அடுத்த வருஷம் பழைய கதைக்கே திரும்புவீர்கள்.

குலுக்கலைவிட வட்டம் சுலபம். சீட்டு எடுத்தால் கணவனுக்கு மனைவி பெயரே வரும், திருப்பிப் போட்டு எடுக்க எடுக்கக் கடைசி ஆளிடம் சொந்த வீட்டுப் பெயரே மிஞ்சும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பதில் பெயர்களை வட்டமாக எழுதுங்கள். முதல் வீட்டில் ஒருவர், இரண்டாம் வீட்டில் ஒருவர், மூன்று, நான்கு, மறுபடி முதல் வீட்டில் மற்றவர் என்று வரிசை வைத்தால் பக்கத்துப் பெயர் எப்போதும் வேறு வீடாகவே இருக்கும். ஒவ்வொருவரும் வலப்பக்கத்தவருக்குக் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் ஓர் ஆளைத் தாண்டி, அதற்கடுத்த வருஷம் இருவரைத் தாண்டி. மூன்று வருஷத்துக்கு யோசனையே வேண்டாம். என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள், ரகசியம் காப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரியாமல் வாங்கிய குக்கர் மூன்றாவது குக்கராகப் பரணில் உட்கார்ந்திருப்பதற்குக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

குழந்தைகள் ஏமாந்துபோவார்களே என்பது அடுத்த கேள்வி. மூன்று பரிசு வந்த குழந்தைக்கு ஒன்று வந்தால் முதல் வருஷம் கொஞ்சம் முகம் வாடும்தான். குழந்தைகளை மட்டும் குலுக்கலுக்கு வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள்: மேலே சொன்ன குடும்பத்தில் வீட்டுக்கு இரண்டு பரிசு இருந்த இடத்தில் ஆறு வரும். 200 ரூபாய் வரம்பு வைத்து அந்த ஆறையும் வாங்கினால் 1,200, ஆயிரம் ரூபாயில் இரண்டு வாங்கினால் 2,000. ஆகவே சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டார் முதல் வழியை எடுத்தாலும் தவறில்லை, வரம்பு மட்டும் எழுத்தில் இருக்கட்டும். தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கவரில் வைத்துக் கொடுப்பதை யாரும் தொட வேண்டாம். தலைக் கிறிஸ்துமஸ் வேறு விஷயம். புது மாப்பிள்ளைக்கு மோதிரமா செயினா என்பதெல்லாம் கல்யாணச் செலவின் வால், அதைப் பரிசுப் பட்டியலில் சேர்த்தால் எந்த பட்ஜெட்டும் உடையும்.

சொந்த வீட்டுக்குள் புத்தாடையே பரிசு, அதற்கு மேல் தனிப் பரிசு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25-க்கு ஒன்று, 31 இரவு ஆராதனைக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி எடுக்கும் வீடுகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: வட்டத்தில் உங்களுக்குக் கொடுக்கப்போகிறவரிடம் அந்தப் புத்தாண்டு உடையையே கேளுங்கள். ஒரே செலவில் இரண்டு வேலை முடியும். குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்தும் மோகத்தைக் கைவிட்டால் இன்னும் நல்லது, ஒரே நாளில் ஒரே கடையில் கிடைக்கிற விலைக்கு எடுக்க வைப்பது அந்த நிறப் பொருத்தம்தான். ஜிஎஸ்டியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரிக்கு முன் 2,500 ரூபாய் கவுன் வரியோடு 2,625, நூறு ரூபாய் கூடுதலாக 2,600-க்கு எடுத்தால் 3,068. புடவை தைக்காத துணி என்பதால் பொதுவாக இந்த உயர்ந்த விகிதம் அதற்குப் பொருந்தாது. ஜாக்கெட் தைக்க நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், டிசம்பர் பாதியில் தையல்காரர் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்.

கடைசியாகக் கடன். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி மீதியைத் தள்ளினால், பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறும், வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டும். வட்டியில்லாத் தவணை என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போதைய திட்டங்களில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அந்த வட்டி மேல் ஜிஎஸ்டியும் பல இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். கடனைத் தவிர்க்க முன்கூட்டியே சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். தெரிந்தவர் நடத்தும் பண்டிகைச் சீட்டில் பதினொரு மாதம் கட்டி, டிசம்பரில் அவர் வீடு பூட்டிக் கிடந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது. வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு போடுங்கள். அதை ஜனவரியில் தொடங்கினால் அடுத்த ஜனவரியில்தான் முதிரும், பண்டிகைக்குப் பயன்படாது. நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லதுதான், ஆனால் அதன் காலம் ஐந்து ஆண்டு, மூன்று ஆண்டுக்கு முன் மூட முடியாது, எனவே இந்த வேலைக்கு அது ஆகாது.