ஏர் ரைஃபிள் உள்ள வீட்டுக்கு 13 குறிப்புகள்

வெளிநாடுகளில் குறிபார்த்துச் சுடுபவர்கள் பலர் தோட்டாவுக்கு வெடிமருந்தை வீட்டிலேயே அளந்து போட்டுக்கொள்வார்கள். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-இன்படி குற்றம். பிள்ளைகள் பழகும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்துக்கே வேலையில்லை. ஆனால் துப்பாக்கிக்கு ஏற்ற பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, தேடிப் பிடிக்கும் வேலை உண்டு. உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறவர் வீட்டில் இருந்தால், வெர்னியரால் அளந்து பழகிய அவருடைய கை இதற்கு உதவும்.

1. வாங்கும்போதே கேளுங்கள். குழல் துளை 4.5 மி.மீ.க்கு மேலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் தேவை. கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

2. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கு அட்டையின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம். நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் மதிப்பெண்ணில் 0.1 குறையும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிக் குண்டு 10.8.

3. பெல்லட் டப்பாவில் பிராண்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். தலை அளவும் (4.49, 4.50 என்று இருக்கும்) லாட் எண்ணும் பாருங்கள். ஒரே பிராண்டிலேயே லாட் மாறினால் குண்டு விழும் விதமும் மாறலாம். போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். அது அட்டையில் வட்டமாக, சுத்தமாகத் துளையிடும்.

4. மொத்தமாக வாங்காதீர்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சோதியுங்கள். உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துப்போவது தெரிந்த பிறகு, அதே லாட்டில் சீசன் முழுக்கப் போதுமான அளவு வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்து பத்தாக விழும் பெல்லட், உங்கள் குழலில் சிதறலாம்.

5. எடை பார்க்கச் சமையலறைத் தராசு உதவாது. போட்டி பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம்தான். மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். 0.01 கிராம் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 2 சதவீதம். அதனால் வேகம் மாறி, 10 மீட்டரில் குண்டு கால் மில்லிமீட்டருக்கும் அதிகமாக ஏறவோ இறங்கவோ செய்யும்.

6. எடை வாரியாகப் பிரித்து வைக்கப் பழைய அஞ்சறைப் பெட்டி அருமையான சாமான். ஒரு குழிக்கு ஒரு எடை. பெல்லட்டின் பாவாடை போல விரிந்த பின்பகுதி நசுங்கியிருந்தால் தனியே ஒதுக்குங்கள். ஈயம் பட்ட பெட்டி மறுபடி அடுப்படிக்குள் போகவே கூடாது.

7. சோதிக்கும்போது கையில் பிடித்துச் சுட்டால் தவறு கையுடையதா, பெல்லட்டுடையதா என்று புரியாது. மேஜைமேல் ராகி நிரப்பிய துணிப்பை ஒன்றை முன்பக்கமும், சின்னது ஒன்றைப் பின்பக்கமும் வைத்து, ரைஃபிளின் கட்டைப் பகுதியை அதில் அமர்த்துங்கள். குழல் எதன்மேலும் படக்கூடாது. அந்த ராகியையும் பிறகு களிக்கு எடுக்காதீர்கள்.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெல்லட்டையும் காற்றழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. புது வகைக்கு மாறினால் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

9. ஐந்து குண்டு ஒரே துளையாக விழுந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக மூன்று அட்டை சுடுங்கள். வெளி ஓரம் முதல் வெளி ஓரம் வரை வெர்னியரால் அளந்து, 4.5 மி.மீ. கழித்தால் சிதறலின் அளவு. எல்லாக் குண்டும் நடுவிலிருந்து 1 மி.மீ.க்குள் விழுந்தால், ஒவ்வொன்றும் 10.6-க்குக் குறையாது.

10. மொட்டை மாடியில் சுடாதீர்கள். தப்பிய பெல்லட் அடுத்த வீட்டுக்குப் போகும். கதவு பூட்டிய நீள அறைதான் சரி. பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் பெரியவர் ஒருவர், மூன்றும் வேண்டும். சுடாத நேரத்தில் புல் வெட்டும் மெஷினுக்கான கலர் நைலான் நூலைக் குழலில் முழு நீளத்துக்கும் விட்டு வையுங்கள். உள்ளே பெல்லட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

11. பட்டறை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: டயர் கம்ப்ரஸர் ரைஃபிளின் 200 பார் காற்றுச் சிலிண்டரை நிரப்பாது. அதற்காக வெல்டிங் ஆக்ஸிஜனைத் தொடவே தொடாதீர்கள், எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். தையல் மெஷின் எண்ணெயும் காற்றுப் பாதையில் ஆகாது. நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். சிலிண்டர்மேல் குறித்த காலாவதி ஆண்டையும் பாருங்கள்.

12. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரவே கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் முறுக்கு. தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் ஈயத்தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். ஈரப்பதத்தில் பெல்லட் வெள்ளை பூக்கும், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

13. ஓசூர் பக்கத்துச் சானமாவு காட்டு யானை ராகிக் காட்டில் இறங்கினாலும், பன்றி வந்தாலும், குரங்கு வந்தாலும் இந்தத் துப்பாக்கியை எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஒருபுறம், காயம்பட்ட யானையின் கோபம் மறுபுறம். வனத்துறைக்குப் போன் போடுங்கள். ரைஃபிள் ஒரு பூட்டில், பெல்லட் வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் பெரியவர் இடுப்பில். பெல்லட் பெட்டியோடு ஒரு நோட்டும் இருக்கட்டும். தேதி, லாட் எண், எடை, சிதறல் நான்கும் எழுதுங்கள். அடுத்த டப்பா வாங்கக் கடைக்குப் போகும்போது, கடைக்காரர் சொல்வதைவிட அந்த நோட்டு சொல்வதைக் கேளுங்கள்.